சேகோ பனை: பக்கக் கன்று அழுகாமல் வேர்விட

கேள்வி: தாழ்வான சதுப்பு நிலத்தில் சேகோ பனை வைக்கலாம் என்று விதை போட்டேன், முளைக்கவில்லை. தாய்மரத்தடியில் இருந்து பக்கக் கன்றுகளைப் பெயர்த்து நேரடியாக நட்டேன், பாதிக்கு மேல் அழுகிவிட்டன. நாற்றங்காலில் எப்படித் தேற்றுவது?

பதில்: முதலில் ஒரு சந்தேகம். அலங்காரச் செடிக் கடையில் ‘சேகோ பாம்’ என்று விற்பது சைகஸ். அது பனையே இல்லை, நச்சுள்ளதும்கூட. தண்டில் மாவு தரும் மெட்ராக்சிலான் சாகுதான் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம்.

விதையை விட்டுவிடுங்கள். பல காய்களுக்குள் பருப்பே இருக்காது. இருந்தாலும் காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். முளைத்து வருவதும் தாய்மரம் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

பக்கக் கன்றில் எடைதான் முக்கியம். 2 முதல் 5 கிலோ வரை உள்ளதை எடுங்கள். வேர் பிடிக்கும்வரை கன்று பிழைப்பது அதன் அடிக்கிழங்கில் சேர்ந்திருக்கும் மாவை வைத்துத்தான். சின்னக் கன்றில் அந்தக் கையிருப்பு போதாது. தாயோடு சேரும் ஒடுக்கமான இடத்தில், கூரான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். கடப்பாரையால் நெம்பினால் கிழங்கு பிளக்கும், அழுகல் அங்கேதான் தொடங்கும். ஓலைகளை 30–50 செ.மீ. விட்டு நறுக்குங்கள், குருத்தைத் தொடாதீர்கள். நீண்ட வேர்களையும் கழித்துவிடலாம். மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்த நீரில் அடிப்பகுதியை முக்கி, நிழலில் ஈரம் உலர விடுங்கள். பச்சை வெட்டு வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும் என்பதால் வெட்டிய கன்றுகளைத் தோட்டத்தில் குவித்துப் போடாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் நாற்றங்காலில் ஏற்றிவிடுங்கள்.

வெட்டுவாய் காற்றுப்பட்டதும் பழுப்பேறும். பலர் அதைப் பார்த்தே பயந்து கன்றைத் தூக்கி எறிகிறார்கள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் ஒன்றுமில்லை; குழைந்து புளித்த வாடை அடித்தால்தான் அழுகல்.

நாற்றங்காலுக்கு மூங்கில் மிதவைதான் எங்கள் தேர்வு. மெதுவாக ஓடும் வாய்க்காலில் மிதவையைக் கட்டி, கிழங்கும் வேரும் நீரில், குருத்து நீருக்கு மேலே இருக்கும்படி கன்றுகளை நெருக்கமாக அடுக்குங்கள். மேலே பாதி வெயில் மறைக்கும் நிழல்வலை. நீர் ஓடவேண்டும், தேங்கினால் உயிர்வளி குறைந்து புதுவேர் கறுத்துவிடும். வாய்க்கால் இல்லையா? மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்பிய பெரிய பைகளில் கிழங்கு மட்டும் மூடும்படி வைத்து, மண் ஒருநாளும் காயாமல் பாருங்கள். குருத்தடி மண்ணுக்குள் போனால் அழுகும். நேரடியாக நட்டபோது உங்களுக்கு இதுவும் நடந்திருக்கலாம்.

வாரம் ஒருமுறை குருத்தை லேசாக இழுங்கள். கையோடு வந்தால் அந்தக் கன்றை அப்புறப்படுத்துங்கள், பக்கத்துக் கன்றுக்கும் பரவும்.

சுமார் 3 மாதத்தில் இரண்டு மூன்று புது ஓலை வரும். அப்போதே நட்டுவிடுங்கள், தாமதித்தால் வேர்கள் பின்னிக்கொண்டு, பிரிக்கும்போது அறுந்துபோகும். இடைவெளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஹெக்டேருக்கு 100 கன்று. குழி ஒரு முழ ஆழம்கூட வேண்டாம், 30 செ.மீ. போதும். வெள்ளம் ஏறும் நிலம் என்பதால் இரண்டு குச்சிகளைக் குறுக்காக ஊன்றிக் கன்றை அழுத்திவையுங்கள்; இல்லையென்றால் முதல் மழைக்கே மிதந்துவிடும்.