வாஷ்பேசின் பக்கம் அனுப்பியது யார்?

கேள்வி: குலதெய்வக் கோயில் கொடைக்காக நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அண்ணன் ஐந்து பேரும் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் பகல் ரயிலில் ஸ்லீப்பரில் போனோம். எங்கள் டிக்கெட் உறுதியாகிவிட்டது. அம்மாவுக்கு (வயது 68) பிறகு தனியாக ஆன்லைனில் எடுத்தது மட்டும் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்ட். டி.டி.ஆரிடம் பேசிக்கொள்ளலாம் என்று அவரையும் ஏற்றிவிட்டோம். செங்கல்பட்டு தாண்டி வந்தவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, “உட்காரச் சொல்லுங்க, பாத்துக்கலாம்” என்றார். ரசீது தரவில்லை. திண்டுக்கல்லில் டிக்கெட் சோதனை ஸ்குவாடு ஏறியது. அம்மாவை வாஷ்பேசின் பக்கம் போய் நிற்கச் சொன்னோம். அப்படியும் பிடித்துவிட்டார்கள். பணம் கொடுத்தாயிற்று என்றால், ரசீதைக் காட்டு என்கிறார்கள். முதலில் வந்தவர் திருச்சியிலேயே இறங்கிவிட்டாராம். கட்டணமும் அபராதமும் கட்டினோம். இது நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது. அந்த 500 ரூபாயை எப்படித் திரும்ப வாங்குவது? அபராதத்தில் பாதியைத் தர அண்ணன் மறுக்கிறார். இது நியாயமா?

பதில்: தம்பி, இந்தக் கடிதம் வருஷத்துக்கு நாலைந்து தடவை வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வருகிறது. ஊர் மாறும், தொகை மாறும். ‘ரசீது தரவில்லை’ மட்டும் மாறாது. ஆனால் வாஷ்பேசின் இதுவரை எந்தக் கடிதத்திலும் வந்ததில்லை.

போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை. ஸ்லீப்பர் பெட்டியின் அந்தக் கோடி எனக்குத் தெரியும். கழிவறைக் கதவு ஒழுங்காகச் சாத்தாது. தரையில் எப்போதும் ஈரம் இருக்கும். பெட்டிகளை இணைக்கிற இடத்து இரும்புத் தகடு கடகடவென்று ஆடிக்கொண்டே வரும். பிடித்துக்கொள்ள ஒரு குழாய்தான். அங்கே 68 வயது அம்மா, கொடைக்கென்று எடுத்த புடவையோடு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு நிற்கிறார். பேரப்பிள்ளைகள் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆச்சி ஏன் அங்கே நிற்கிறாள் என்று அவர்கள் கேட்கவில்லையா? கேட்டிருப்பார்கள். என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். செங்கல்பட்டில் கொடுத்தது டிக்கெட் காசுதான் என்று நீங்கள் மனதார நம்பியிருந்தால், திண்டுக்கல்லில் அம்மாவை ஏன் ஒளித்தீர்கள்? காசு கட்டினவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “கட்டியாச்சு சார், உங்க ஆளைக் கேளுங்க” என்பான். உங்களுக்கு அப்போதே தெரியும், அது கட்டணம் இல்லை என்று. “ஏமாந்துவிட்டேன்” என்கிற தொனியில் எனக்கு எழுதாதீர்கள்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பணம் வாங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தாராளமாக வாங்கலாம். வாங்கினால் எக்ஸஸ் ஃபேர் டிக்கெட், அதாவது வாங்கிய காசுக்கு ரசீதுச் சீட்டு, தர வேண்டும். முன்பு கார்பன் தாள் வைத்து எழுதுவார்கள், இப்போது கையில் மெஷினும் வந்துவிட்டது. காலி இடம் இருந்தால் ஒதுக்கித் தரவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அந்தத் துண்டுச் சீட்டு கைக்கு வராதவரை அம்மா டிக்கெட் இல்லாத பயணிதான். வந்த ஸ்குவாடைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டம், 138ஆம் பிரிவு: கட்டணம் தனி, அதற்கு மேல் அபராதமாக அதே கட்டணம் அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அது. அவர்கள் அதைச் செய்தார்கள், ரசீதும் தந்திருப்பார்கள்.

ஏறுவதற்கு முன்பே கார்டிடமோ பரிசோதகரிடமோ நிலைமையைச் சொல்லி, அனுமதிச் சான்று எழுதி வாங்கியிருந்தால் அந்த அபராதமே கிடையாது, கட்டணத்தோடு போயிருக்கும். (கார்டுக்கு 2022இல் ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர் மாற்றினார்கள். ஜனங்களுக்கு இன்னும் கார்டுதான்.) அதைக் கேட்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ‘பேசிக்கொள்ளலாம்’ என்பதற்கு நம் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்னொரு கணக்கும் கடிதத்தில் விட்டுப்போயிருக்கிறது. ஆன்லைனில் தனியாக எடுத்த டிக்கெட் முழுக்க வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றால், சார்ட் (இடம் கிடைத்தவர்களின் கடைசிப் பட்டியல்) போட்டதும் தானாக ரத்தாகிவிடும். சிறு பிடித்தம் போக மீதிப் பணம் கட்டியவர் கணக்குக்கே வந்துவிடும். ஆக அம்மாவின் டிக்கெட் பணம் திரும்பி வந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, 500 ரூபாய்க்கு மட்டும் ஒரு பக்கக் கடிதம்!

என் பெரியப்பா டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பணிக்குக் கிளம்பும்போது சட்டைப்பையில் சொந்தக் காசு எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி, எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ரயிலேறுவார். வழியில் விஜிலென்ஸ் வந்து பையைத் துழாவினால், எழுதிவைத்த காசும் ரசீது போட்ட காசும் சேர்ந்து கணக்கு உதைக்கக்கூடாது. பெரியம்மா டீக்குக் கொடுத்த சில்லறையைக்கூட எழுதுவார். அவர் சொல்வார், “கை நீட்டுற ஆளை எனக்குத் தெரியும், அதுக்கு முன்னாடியே ஒருத்தன் நோட்டை மடிச்சு உள்ளங்கையில வெச்சிருப்பான், அவனையும் தெரியும்.” உங்கள் நோட்டு முன்பே மடிந்திருந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை.

500 ரூபாய் திரும்ப வராது. ரயில்வே உதவி எண் 139க்குப் போன் அடிக்கலாம், ரயில் மதாத் செயலியில் உங்கள் பி.என்.ஆர்., பெட்டி எண், நேரம் போட்டுப் புகார் கொடுக்கலாம். அன்று அந்தப் பெட்டியில் யார் பணி என்பது பதிவில் இருக்கும். கொடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன், அப்படிப்பட்டவர் தண்டனை பெற வேண்டும். ஆனால் என்ன எழுதுவீர்கள்? ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதையும் குற்றமாக்கிவிட்டார்கள், ஏழாண்டு வரை சிறை. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் சொல்லிவிட்டால் தப்பலாம். நீங்கள் ஒன்றரை மாதம் கழித்து, அதுவும் எனக்குச் சொல்கிறீர்கள். ஆகவே ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு, உங்கள் பங்கையும் மறைக்காமல் எழுதத் தைரியம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் அந்த 500ஐ மறந்துவிடுங்கள்.

அண்ணன் விஷயம். ‘நிற்கச் சொன்னோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? ஒரு ஆள் வாய்தானே திறந்திருக்கும்? அம்மாவை ஒளித்துவைக்கும்போது எல்லாரும் ‘ஓம்’ விகுதிக்குள் நின்றுகொண்டீர்கள். அபராதம் என்றதும் நீங்கள் தனி, அண்ணன் தனி. அவர் தராதது நியாயமா என்கிறீர்கள். நியாயமில்லைதான். அவரும் உட்கார்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தவர்தானே? ஆனாலும் கேட்காதீர்கள். பெற்றவளின் ரயில் சார்ஜை ரெண்டு பிள்ளைகள் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுச் சண்டை பிடித்தால், அந்தச் சத்தம் அவர் காதுக்குப் போகும். முழுவதையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

மகன்கள் ரெண்டு பேர் இருந்தீர்கள், ரெண்டு பேருக்கும் உறுதியான இடம் இருந்தது. ரயில் புறப்பட 24 மணி நேரம் முன்புவரை, கவுன்ட்டரில் எழுதிக் கொடுத்து, உறுதியான டிக்கெட்டைப் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர் பெயருக்கு மாற்றலாம். முன்தினமும் அம்மாவின் பெயர் வெயிட்டிங்கில்தான் இருந்தது. ஒருவர் கவுன்ட்டருக்குப் போய் அம்மா பெயரைப் போட்டுவிட்டு, பொதுப்பெட்டியில் நின்றுகொண்டோ இரவு பஸ் பிடித்தோ ஊர் போயிருக்கலாம். இது யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்குக் கோபம், அபராதம் எல்லாம் அப்புறம். உங்கள் பிள்ளையை இடமில்லாமல் ஏற்றியிருப்பீர்களா?

அம்மா இப்போது ஊரில் இருக்கிறாரா, உங்களோடு இருக்கிறாரா என்று எழுதவில்லை. எங்கிருந்தாலும் அடுத்த பயணம் வரும். முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. அன்று காலை உட்கார்ந்து முதலில் அம்மாவுக்குப் போடுங்கள், கீழ்ப் படுக்கை கேளுங்கள். அது உறுதியான பிறகு உங்களுக்குப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்காவிட்டால் பஸ் இருக்கிறது.