கணுக்கால் பிசகிய பிறகு பந்தயத்தில் ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. சென்னையில் ஜனவரியில் நடக்கும் மாரத்தானில் 21.1 கி.மீ. பிரிவுக்குப் பெயர் கொடுத்து ஐந்து மாதங்களாகப் பயிற்சி செய்து வருகிறேன், 18 கி.மீ. வரை ஓடியும் விட்டேன். ஆறு நாட்களுக்கு முன் விடியற்காலை இருட்டில் ஒரு வேகத்தடை தெரியாமல் கால் மடங்கி, வலது கணுக்கால் பிசகிவிட்டது. அன்று மெதுவாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். வெளிப்புற எலும்பு முண்டுக்கு முன்னால் உள்ள குழிவில் வீக்கமும் வலியும் இருந்தன. இப்போது வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது, நடக்கும்போது வலியில்லை. எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். பந்தயத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் உள்ளன. ஓடலாமா?
– வாசகி ஒருவர், தாம்பரம்

பதில்: பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்குள் பந்தயம் முடிந்துவிடும் என்பதால், கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். மார்கழி பிறந்தால் இதே குழப்பத்தோடு என்னிடம் வருபவர்கள் பலர். அவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உறுதியாக வேண்டும். இதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வகுத்த விதிகளையே இன்றும் பல நாடுகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள். கணுக்காலின் இருபுறமும் துருத்தியிருக்கும் எலும்பு முண்டுகளின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை, விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பில் பாதி தூரத்தில் புடைத்திருக்கும் எலும்பையும், உட்புற வளைவின் உச்சியில் உள்ள எலும்பையும் அதேபோல் அழுத்த வேண்டும். இவற்றில் ஏதேனும் ஓரிடத்தில் எலும்பின் மீதே வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் இருந்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். நீங்கள் நடந்தே வீடு திரும்பியிருக்கிறீர்கள். வலித்த இடமும், பாதம் உட்பக்கமாக மடங்கும்போது முதலில் இழுபடும் பிணைப்பு நார் இருக்கும் இடம். ஆகவே இது அந்த நாருக்கு நேர்ந்த இலேசான சுளுக்காகவே இருக்க வேண்டும். நீவிவிடச் சொன்ன உங்கள் மாமியாரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் முதல் சில நாட்களில் அழுத்தி நீவினால், உள்ளே கசியும் ரத்தமும் வீக்கமும் கூடும். நீங்கள் அதைத் தவிர்த்தது நல்லதே.

நடக்கும்போது வலியில்லை என்பதை ஓடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நடக்கையில் ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்கும்; ஓடுகையில் ஒவ்வோர் அடியும் ஒரு சிறு குதிப்பு என்பதால், உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையை ஒற்றைக் கால் தாங்குகிறது. இரண்டரை மணி நேரத்தில் 21.1 கி.மீ. ஓடி முடிப்பவரின் வலது கால் ஏறத்தாழ 12,000 தடவை அப்படித் தாங்க வேண்டியிருக்கும். வலியும் வீக்கமும் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டாலும், நார் தன் பழைய உறுதியைப் பெறப் பல வாரங்கள் ஆகும். அதைவிட முக்கியமானது, பாதம் எந்தக் கோணத்தில் தரையைத் தொடுகிறது என்பதை மூளைக்கு உணர்த்தும் நரம்புகளும் சுளுக்கின்போது மந்தமாகிவிடுகின்றன. ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடியும் பிசகுவதற்கு இது ஒரு பெரிய காரணம். வெறும் காலோடு ஒற்றைக் காலில் நின்று கண்களை மூடிப் பாருங்கள். இடது காலில் அரை நிமிடம் நிற்கும் நீங்கள் வலது காலில் ஐந்து நொடிக்குள் தள்ளாடினால், விடியுமுன் தொடங்கும் பந்தயத்தில் அந்தக் காலை நம்ப முடியாது. பல் துலக்கும்போது, இட்லி வேகும்வரை காத்திருக்கும்போது என்று நாளுக்கு நான்கைந்து தடவை இதையே பயிற்சியாகச் செய்யலாம்.

பன்னிரண்டு நாட்களையும் படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்து வலி வராவிட்டால், மறுநாள் வலது காலை மட்டும் ஊன்றிக் குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குங்கள். அதிலும் சிரமமில்லையென்றால் அதே காலில் பத்து முறை நின்ற இடத்தில் குதித்து, பிறகு பக்கவாட்டிலும் குதித்துப் பாருங்கள். இவ்வளவும் சரியாக வந்த பிறகே ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று இருபது நிமிடம், அடுத்து 5 கி.மீ. தொடர் ஓட்டம், கடைசியாகப் பந்தயத்துக்கு நான்கு நாட்களுக்கு முன் 8 கி.மீ. ஒவ்வொரு படிக்கும் தீர்ப்பு மறுநாள் காலையில்தான் கிடைக்கும். ஓடி முடித்த களிப்பில் எந்தக் காலும் நன்றாகவே தோன்றும். பத்துக்கு இரண்டு என்று மதிப்பிடக்கூடிய வலி, ஓட ஓடக் கூடாமலும் காலையில் எழும்போது மறைந்தும் போனால் பாதகமில்லை. வீக்கம் திரும்பினாலோ, கட்டிலிலிருந்து இறங்கும் முதல் சில அடிகள் விறைத்திருந்தாலோ ஒரு படி கீழே இறங்க வேண்டும். அப்படி இரண்டு முறை இறங்க நேர்ந்தால், பந்தய நாளுக்குள் மேலே ஏற அவகாசம் இருக்காது. அப்போது ஓட வேண்டாம் என்பதே என் பதில்.

இத்தனை நாள் ஓடாமல் இருந்தால் ஐந்து மாத உழைப்பு வீணாகிவிடுமோ என்ற பதற்றம் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. பத்து நாள் ஓய்வில் மூச்சுத் திறன் குறைவது மிகச் சொற்பம். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் தேர்ந்த வீரர்களே ஓடும் தூரத்தை வேண்டுமென்றே குறைக்கிறார்கள். வலியில்லாவிட்டால் வீட்டுச் சைக்கிளை மிதிக்கலாம், நீந்தலாம், அது போதும். இழப்பை ஈடுகட்டுவதாக நினைத்துக் கடைசி வாரத்தில் 18 கி.மீ. ஓடிவிட வேண்டாம்.

எல்லாப் படிகளையும் தாண்டிவிட்டால் ஓடுங்கள், ஆனால் நேர இலக்கைக் கைவிட்டுவிட்டு. எந்த நிலையில் நிறுத்துவீர்கள் என்பதையும் முதல்நாள் இரவே முடிவு செய்து வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கூட்டமும் கைதட்டலும் சூழ்ந்திருக்கும்போது அந்த முடிவை யாராலும் எடுக்க முடிவதில்லை. என் அளவுகோல் ஒன்றே: நொண்டத் தொடங்கினால் நிறுத்துவது. பல ஆண்டுகளுக்கு முன் இடது கெண்டைக்கால் பிடிப்போடு 10 கி.மீ. நொண்டியே ஓடி முடித்தேன். கெண்டைக்கால் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. எடையெல்லாம் வாங்கிய வலது முழங்கால் சரியாக இரண்டு மாதம் பிடித்தது. பந்தயப் பாதையிலிருந்து ஆட்டோவில் திரும்பப் பணத்தை இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாததாலேயே கடைசிவரை நொண்டியவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: எனக்கும் இதேபோன்ற சிறு வலிதான். பந்தயத்தன்று காலையில் வலி நிவாரணி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு ஓடினால் என்ன?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. வியர்வையில் நீரிழந்து ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு இது இரட்டைச் சுமை. வயிற்றையும் அவை விட்டுவைப்பதில்லை. இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் 2003-இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி மகளிர் மாரத்தானில் உலக சாதனை படைத்தவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் முன்பு அவருக்குக் காலில் காயம்பட்டது. அதற்காக உட்கொண்ட அழற்சி எதிர்ப்பு மருந்துகள் வயிற்றைக் கெடுத்ததால் உணவு உடலில் சேரவில்லை என்று பின்னர் அவரே விளக்கினார். தங்கம் வெல்வார் என்று பலரும் எதிர்பார்த்த அவர், ஏறத்தாழ 36 கி.மீ. தூரத்தில் சாலையோரம் நின்று அழுததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும்; மருத்துவக் குழுவொன்று உடனிருந்த அவருக்கே ஏதென்ஸில் அப்படி நேர்ந்தது. பாராசிட்டமால் வயிற்றுக்கு இதமானதுதான். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் வலியை அதுவும் மறைக்கும். மாத்திரை இல்லாமல் தொடக்கக் கோட்டுக்கு வர முடியாத காலோடு ஓட வேண்டாம்.

கேள்வி: மூன்று வாரமாக முழங்காலுக்குக் கீழே, முன்எலும்பில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ஓடலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: எலும்பின் உள்விளிம்பு நெடுக ஒரு சாண் அளவுக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் பயிற்சியைக் குறைத்தால் தணியக்கூடிய வலி. ஒரே விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் மட்டும் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் அழுத்த விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அத்தகைய விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். எலும்பு மருத்துவரைப் பார்த்து அது தெளிவாகும்வரை பந்தயமும் வேண்டாம், பயிற்சி ஓட்டமும் வேண்டாம்.