ஆண் கொசுக்களை விட்ட பிறகும் பூச்சாடித் தட்டைக் கவிழ்க்க வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரின் தெம்பனிஸில் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் புளோக்கில் வோல்பாக்கியா கிருமியுள்ள கொசுக்களை விடத் தொடங்கியதிலிருந்து வீட்டில் கொசு கூடுதலாகத் தெரிகிறது. அந்தக் கிருமி குழந்தைக்குத் தொற்றுமா? மருந்து அடிக்கலாமா? துளசித் தொட்டியின் தட்டையும் வாசலில் பூ மிதக்கவிடும் உருளியையும் இனியும் கவனிக்க வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவசியம் கவனிக்க வேண்டும். முன்பைவிட இப்போதுதான் அதற்குப் பலன் அதிகம்.

வோல்பாக்கியா என்பது 1924இல் ஒரு வீட்டுக் கொசுவின் உடலில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பாக்டீரியா. பட்டாம்பூச்சி, தட்டான், பழ ஈ எனப் பல பூச்சிகளின் உயிரணுக்களுக்குள் அது இயல்பாகவே வாழ்கிறது. மனித உடலில் அதனால் குடியேற முடியாது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவிடம் இயற்கையில் இந்தக் கிருமி இல்லை என்பதுதான் இங்கே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. கிருமியைச் சுமக்கும் ஆண் கொசு, கிருமி இல்லாத காட்டுப் பெண் கொசுவுடன் (அதாவது வெளியில் இயல்பாகப் பிறந்த கொசுவுடன்) சேர்ந்தால், அவள் இடும் முட்டைகள் பொரிப்பதில்லை. விடப்படுபவை ஆண் கொசுக்கள். அவை செடிச் சாற்றைக் குடித்து உயிர்வாழ்பவை, கடிக்கத் தெரியாதவை. குழந்தைக்கு அவற்றால் ஆபத்து இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஆணின் உணர்கொம்பு இறகுபோல் அடர்ந்திருக்கும், பெண்ணுடையது மெலிந்திருக்கும். (அடித்த கொசுவை ஆராயும் பொறுமை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை என்பதையும் அறிவேன்.)

2016இல் தேசியச் சுற்றுப்புற வாரியம் தெம்பனிஸ் உள்ளிட்ட இடங்களில் இந்தக் கள ஆய்வைத் தொடங்கியது. தொடர்ந்து கொசு விடப்பட்ட பகுதிகளில் ஏடிஸ் எஜிப்தியின் எண்ணிக்கை 80 முதல் 90 விழுக்காடு வரை சரிந்தது. டெங்கித் தொற்றும் வெகுவாகக் குறைந்தது. சிங்கப்பூரில் 2020இல் மட்டும் 35,000க்கும் அதிகமானோரை டெங்கி தாக்கியதை நினைத்தால் இது சிறிய செய்தியன்று.

ஆனால் இது எண்ணிக்கையில் நடக்கும் போட்டி. பெண் ஏடிஸ் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் இணைசேரும். அந்த வாய்ப்பு காட்டு ஆணுக்குப் போய்விட்டால், பிறகு எத்தனை வோல்பாக்கியா ஆண்களை விட்டாலும் அவளுடைய முட்டைகள் பொரிக்கத்தான் செய்யும். உங்கள் துளசித் தட்டில் நூறு கொசு பிறந்தால் அவற்றில் ஏறத்தாழ பாதி, விடப்பட்ட ஆண்களோடு போட்டியிடும் காட்டு ஆண்கள். மீதி, உங்களைக் கடிக்கப்போகும் பெண்கள். தட்டைக் கவிழ்ப்பது இந்த இரண்டையும் ஒருசேரக் குறைக்கிறது. தவிர, டெங்கியைப் பரப்பக்கூடிய இன்னொரு கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸை இந்த ஆண்கள் கட்டுப்படுத்துவதில்லை. அதற்குத் தேங்கிய நீரை அகற்றுவதே வழி.

வீட்டுக்குள் தொல்லை தாங்கவில்லையென்றால் மருந்து அடியுங்கள், மட்டையாலும் அடியுங்கள். சில ஆண் கொசுக்கள் சாவதால் திட்டம் கெட்டுவிடாது. பொது நடைபாதை முழுக்க அடிப்பதைத்தான் நான் பரிந்துரைக்கமாட்டேன். பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும், உங்களைக் கடிப்பது பெண் கொசு என்பதால் குழந்தைக்குக் கொசு விரட்டி பூசுவதையும் நிறுத்த வேண்டாம்.

உருளியைப் பொறுத்தவரை, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில், மிளகுத் தூளைத் தூவியதுபோல் ஒட்டிவைக்கிறது. காய்ந்த நிலையிலும் அவை பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரித்துவிடும். ஆகவே தீபாவளி முடிந்து உருளியை எடுத்துவைக்கும்போதும் அந்த விளிம்பை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவியே வையுங்கள்.