கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில்: சில கேள்விகள், பதில்கள்

கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளங்களை ஒட்டிக் குடியிருப்பவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும் கேட்டவை இவை.

எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் குளம். காற்றடித்தால் வீட்டில் இருக்க முடியவில்லை. இந்த நாற்றத்தால் டைஃபாய்டு வருமா, சார்?

வராது. நாற்றம் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. தலைவலியும் குமட்டலும் தரும். டைஃபாய்டுக் கிருமி வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் நாற்றம் திடீரென்று கூடினால், குளம் தாங்கும் அளவுக்கு மேல் கழிவு வருகிறது என்று சந்தேகப்படலாம். நகராட்சியில் எழுதிக் கொடுங்கள்.

கழிவுநீர் ஒவ்வொரு குளமாகக் கடந்து கடைசிக் குளத்துக்கு வருவதற்குள் 99 சதவீதக் கிருமி செத்துவிடும் என்கிறார்கள். பந்து விழுந்தால் பையன்கள் இறங்கி எடுக்கிறார்கள். பரவாயில்லையா?

இறங்க விடாதீர்கள். சுத்திகரிக்காத கழிவுநீரில் 100 மில்லிக்கு 1 கோடி மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா இருப்பது சாதாரணம். அதில் 99 சதவீதம் போனாலும் மிச்சம் 1 லட்சம். மக்கள் குளிக்கும் ஆற்றுநீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உச்ச வரம்பே 2,500தான்.

குளத்தில் கிருமியைக் கொல்வது வெயிலும் நாட்களும். பாசி செழித்தால் பகலில் தண்ணீரின் காரத்தன்மை ஏறும், அதுவும் உதவும். மழை மூட்டம் தொடர்ந்தால் இந்த வேலை மந்தமாகிவிடும். கிருமி ஒருபுறம் இருக்க, அடி வண்டலில் கால் புதைந்தால் பிள்ளைகளால் மீள முடியாது. வேலி கட்டச் சொல்லி ஊராகச் சேர்ந்து கேளுங்கள்.

ஒப்பந்த வேலையில் வண்டல் அள்ளுகிறேன். காலில் சிராய்ப்பு இருந்தது. இப்போது மூன்று நாளாகக் காய்ச்சல், கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கிறது. மாத்திரை போட்டுச் சமாளிக்கலாமா?

வேண்டாம் தம்பி, இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீரிலிருந்து தண்ணீருக்கு வரும் லெப்டோஸ்பைரா பாக்டீரியா, சிராய்ப்பு வழியாகவும் ஊறிப்போன தோல் வழியாகவும் நுழையும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல் காட்டும். கண் சிவக்கலாம். தாமதித்தால் மஞ்சள் காமாலை, சிறுநீரகப் பாதிப்பு என்று முற்றும். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நன்றாகக் கேட்கும்.

உடம்பு தேறியபின் முழங்கால் வரை பூட்ஸும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். வாங்கித் தருவது ஒப்பந்ததாரரின் கடமை, அவர் செய்யும் தயவு இல்லை. டீயோ பீடியோ, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான். வேலை உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. குடிக்கலாமா?

பார்வையை நம்பாதீர்கள் அம்மா. 2000 மே மாதம் கனடாவின் வாக்கர்டன் என்ற சிறு ஊரில், பெருமழையில் மாட்டுச் சாணத்தின் கிருமி ஆழமில்லாத குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. குளோரினும் சரியாகக் கலக்கவில்லை. 7 பேர் இறந்தார்கள், 2,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். அந்தச் சாணக் கிருமியான ஈ.கோலை பாக்டீரியா தண்ணீரின் நிறத்தையோ ருசியையோ மாற்றாது.

கிணறு குளத்திலிருந்து எத்தனை அடி தள்ளியிருந்தால் பத்திரம் என்பது மண்ணைப் பொறுத்தது. மணலிலும் பாறை வெடிப்பிலும் கசிவு வெகுதூரம் போகும். ஹைட்ரஜன் சல்பைடு குப்பிப் பரிசோதனை மலிவானது: அதற்கென மருந்து போட்டு விற்கும் குப்பியில் தண்ணீரை நிரப்பி வைத்து, ஓரிரு நாளில் கறுத்தால் மலக் கலப்பு இருக்கலாம். கறுக்காவிட்டாலும் ஆய்வகத்தில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள், முக்கியமாக மழைக்குப் பிறகு. முடிவு வரும்வரை தளதளவென்று கொதிக்கவைத்தே குடியுங்கள்.

குளத்துக் கழிவுநீர் பாயும் கீரை?

நன்றாக வேகவைத்தால் பாக்டீரியா சாகும். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, வெள்ளரிக்கு அந்தத் தண்ணீர் ஆகாது.

குளத்து மீன்? கொல்கத்தாவில் தின்கிறார்களே?

தின்கிறார்கள். ஆனால் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களில் மீனவர்கள் கழிவுநீரை அளந்து விட்டு, வெயிலில் தெளியவைத்து, தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியவர்கள். 12,500 ஹெக்டேர் பரப்பு, 2002 முதல் ராம்சர் தளம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று பட்டியலிடப்பட்ட இடம். உங்கள் ஊர்க் குளத்தில் திருட்டுத்தனமாகப் பிடிக்கிற மீனுக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. செவுளிலும் குடலிலும்தான் கிருமி அதிகம், அதனால் சுத்தம் செய்கிறவர் கைக்கும் அரிவாள்மனைக்கும்தான் முதலில் ஒட்டும். சாயப்பட்டறைக் கழிவும் அதில் கலக்கிறது என்றால் வேகவைத்தும் பயனில்லை. உலோகங்கள் கொதியில் போகாது.