மாத்திரையை ஒளிக்காதீர்கள், மற்ற வைத்தியத்தைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். தமிழ் உட்பட சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரை அமெரிக்க ராணுவம் ‘மாவ்னி’ திட்டத்தில் எடுத்துக்கொண்டபோது, 2011-ல் என் கணவர் சேர்ந்தார். ஆப்கானிஸ்தானில் வண்டி கவிழ்ந்து இடுப்பில் ஜவ்வு விலகிவிட்டது. ஆறு வருடமாக ஆக்சிகோடோன் என்ற வலி மாத்திரை சாப்பிடுகிறார். படைவீரர் மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர், மாத்திரையைக் குறைக்கலாம், யோகா, அக்குபஞ்சர் எல்லாம் இருக்கிறது என்கிறார். “முதுகை ஒடித்துக்கொண்டு வந்தவனுக்கு யோகா வகுப்பா?” என்று இவர் வீட்டில் வந்து கத்துகிறார். அவர் மாத்திரை மயக்கத்தில் கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஐந்து வயது மகளைத் தூக்கக்கூட முடிவதில்லை. போன வாரம் பத்து மாத்திரையை எடுத்து அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன். செலவைக் குறைக்கத்தான் இந்தப் பேச்செல்லாமா? உண்மையிலேயே வேறு வைத்தியம் உண்டா? நான் செய்தது சரியா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த அரிசி டப்பா. இன்றைக்கே மாத்திரைகளை எடுத்து அவர் கையில் கொடுத்து, எடுத்தது நான்தான், பயந்துபோய் எடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள். கோபப்படுவார். பரவாயில்லை. ஆக்சிகோடோன் ஓபியாய்டு, அதாவது அபின் வகையைச் சேர்ந்த வலிமருந்து. ஆறு வருடம் அது பழகிய உடம்பில் திடீரென்று அளவு குறைந்தால் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை, முன்பைவிட மோசமான வலி எல்லாம் சேர்ந்து வரும். மனசும் உடைந்துபோகும். இந்த மருந்துகளைச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-ல் தனியாகவே எச்சரித்தது. அடுத்த வருடம் வெளியான ஓர் ஆய்வு, ஓபியாய்டு எடுத்துவந்த சுமார் 14 லட்சம் முன்னாள் வீரர்களின் பதிவுகளைப் பார்த்தது. மருந்தை ஆரம்பித்த உடனேயும், நிறுத்திய உடனேயும் வரும் மாதங்களில்தான் அளவு மீறியும் தற்கொலையாலும் சாவுகள் கூடியிருந்தன. அதனால் குறைப்பது டாக்டரும் அவரும் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் தனியாகச் செய்யக் கூடாது.

மயங்கிக் கிடக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலமாகிறது என்றால் உடனே 911. ஓபியாய்டு மயக்கத்தை முறிக்க மூக்கில் அடிக்கும் நலோக்சோன் மருந்தைப் படைவீரர் மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கி, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்கிறதா என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவர் வாயிலிருந்து வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஏதாவது வந்தால், 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். அது படைவீரர்களுக்கான உதவி எண், குடும்பத்தாரும் பேசலாம்.

சரி, செலவைக் குறைக்கும் தந்திரமா என்று கேட்டீர்கள். இதன் பின்னால் ஒரு பழைய துக்கம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் ஜேசன் சிம்காஸ்கி என்ற முன்னாள் மரீன் வீரர், விஸ்கான்சினில் டோமா என்ற ஊரின் படைவீரர் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தபோது, அங்கே கொடுத்த மருந்துகளின் கலவையாலேயே இறந்துபோனார். வயது 35. அவர் குடும்பம் சும்மா இருக்கவில்லை. 2016-ல் அவர் பெயரிலேயே வந்த சட்டப்பிரிவு, படைவீரர் மருத்துவமனைகளில் வலிக்கென்று தனிக் குழு இருக்க வேண்டும் என்றது, மாற்றுச் சிகிச்சைகளை விரிவாக்கவும் சொன்னது. அதற்கு அடுத்த வருடம் அக்குபஞ்சர், மசாஜ், யோகா, தாய்ச்சி என்ற சீன மெதுநடை உடற்பயிற்சி, தியானம், உடம்பின் அசைவுகளைக் கருவியில் பார்த்துக் கட்டுப்படுத்தப் பழகும் பயோஃபீட்பேக் போன்ற எட்டு முறைகள் படைவீரர் மருத்துவச் சலுகைக்குள்ளேயே வந்தன. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டர் அதற்கும் முன்னாலிருந்தே உண்டு. ஆகவே உங்கள் வீட்டுக்காரர் கேட்கப்போவது சலுகைப் பிச்சை இல்லை, அவருக்குச் சேர வேண்டியது.

பலன் உண்டா? மினியாபொலிஸ் படைவீரர் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் எரின் கிரெப்ஸ் 240 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்தார். எல்லாருக்கும் நாள்பட்ட முதுகுவலி அல்லது இடுப்பு, முழங்கால் தேய்மான வலி. ஒரு பாதிக்கு ஓபியாய்டு, மறு பாதிக்குப் பாராசிட்டமால், அழற்சி குறைக்கும் மாத்திரை போன்ற மற்ற மருந்துகள். 2018-ல் முடிவு வந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் ஓபியாய்டு எடுத்தவர்கள் ஒன்றும் முந்தவில்லை. வலியின் அளவிலோ மற்றவர்களுக்குத்தான் சற்றுக் கூடுதல் நிம்மதி. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நீண்டகாலமாக ஓபியாய்டில் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அதனால் அதைக் காட்டி, “பாருங்கள், உங்களுக்கு மாத்திரையே தேவையில்லை” என்று அவரிடம் வாதாடாதீர்கள். அவருடைய நிலைமை வேறு.

யோகா விஷயத்தில் அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. மாத்திரையைப் பிடுங்கிவிட்டு ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்து அனுப்பினால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் சான் டியாகோவில் நாள்பட்ட முதுகுவலியுள்ள 150 முன்னாள் வீரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். வாரம் இரண்டு முறை, 12 வாரம் யோகா. ஆறு மாதத்தில் அவர்களுடைய முடக்கம், யோகாவுக்குக் காத்திருந்த மற்ற பாதிப் பேரைவிட நன்றாகவே குறைந்திருந்தது. அக்குபஞ்சரைப் பற்றி அவரிடம் சொல்ல இன்னொரு சேதியும் உண்டு. காதில் ஐந்து இடங்களில் குட்டி ஊசிகளைக் குத்தி, சில நாள் அப்படியே விட்டுவிடும் ‘போர்க்கள அக்குபஞ்சர்’ முறையை 2001-ல் உருவாக்கியவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஒருவர். சொந்தப் படையிலிருந்து வந்த வைத்தியம் என்றால் ஒருவேளை காது கொடுப்பார்.

இவற்றில் எதுவும் வலியை முழுசாகத் துடைத்துவிடாது. ஒவ்வொன்றும் கொஞ்சம் குறைக்கும். அதனால்தான் பிசியோதெரபி, வலியோடு வாழப் பழக்கும் மனநலப் பயிற்சி, மனச்சோர்வுக்கும் நாள்பட்ட வலிக்கும் தரும் டுலோக்செட்டின் போன்ற மருந்து, வலிக்கும் இடத்தில் ஒட்டும், மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் பட்டை என்று இரண்டு மூன்றைச் சேர்த்துத் தருகிறார்கள். மாத்திரையைக் குறைப்பது மிகவும் கஷ்டமாக இருந்தால் புப்ரெனார்ஃபின் பற்றிக் கேளுங்கள். அதுவும் ஓபியாய்டு வகைதான், ஆனால் மூச்சை அடக்கும் ஆபத்து குறைவு. தினமும் ஓபியாய்டு எடுப்பவர்களுக்கு மற்றவற்றுக்குப் பதிலாக அதைத் தரலாம் என்று 2022-ல் வந்த படைவீரர் துறை வழிகாட்டியே சொல்கிறது. 2025 ஜனவரியில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் என்ற புது மாத்திரையைப் பற்றி யாராவது சொல்லியிருக்கலாம். அது ஓபியாய்டு இல்லை என்பது உண்மை. ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வருவது போன்ற திடீர் வலிக்குத்தான் அனுமதி, வருடக்கணக்கான வலிக்கு இல்லை.

எனக்கு ஆதங்கம் வேறொரு இடத்தில். ஆக்சிகோடோன் மருந்துக்கடையில் நின்றால் கையில் வந்துவிடுகிறது. அக்குபஞ்சருக்கோ பரிந்துரை, ஒப்புதல், காத்திருப்பு, அப்புறம் தவணை முடிந்ததும் மறுபடியும் ஒப்புதல். வலியில் இருப்பவன் எது சீக்கிரம் கிடைக்கிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்வான். அதனால் மாற்று வைத்தியம் நிஜமாகவே தொடங்கி, இரண்டு மூன்று வாரம் ஓடிய பிறகுதான் மாத்திரையைக் குறைக்கத் தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. சிறப்புச் சிகிச்சைக்குச் சராசரியாக 60 நிமிடத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும், அல்லது 28 நாளுக்குமேல் காத்திருக்க வேண்டும் என்றால், 2018-ல் வந்த மிஷன் சட்டப்படி வெளி மருத்துவரிடம் அனுப்பச் சொல்லலாம். முன் ஒப்புதல் கைக்கு வராமல் போய்விடாதீர்கள், செலவு உங்கள் தலையில் விழும். யோகா, தாய்ச்சி வகுப்புகள் வீடியோவிலும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். இழுத்தடித்தால், ஒவ்வொரு படைவீரர் மருத்துவமனையிலும் நோயாளிகளுக்காகப் பேச ஓர் அலுவலர் இருப்பார், ‘பேஷன்ட் அட்வகேட்’ என்பார்கள். அவரிடம் போங்கள்.

ஊரிலிருந்து தைலம் வந்தால் தேய்த்துவிடுங்கள், அந்தச் சூடு இதமாக இருக்கும். உள்ளுக்குச் சாப்பிடும் லேகியம், சூரணம் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

அடுத்த அப்பாயின்மென்டுக்கு அவர் சம்மதித்தால் நீங்களும் கூடப் போங்கள். அங்கே ‘ஹோல் ஹெல்த்’ என்ற திட்டத்தில் முதல் கேள்வியே, உடம்பு சரியானால் எதைச் செய்ய ஆசை என்பதுதான். வலி பத்துக்கு எத்தனை என்று யோசிப்பதற்கு முன்னால், இன்றிரவு இரண்டு பேரும் உட்கார்ந்து அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மகளைத் தூக்க வேண்டும் என்பது முதல் வரியில் இருக்கட்டும். அதை அவர் கையாலேயே எழுதட்டும்.