பேயும் சாமியும்: திரைப்படங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ஆடி பிறந்தால் தொலைக்காட்சியில் அம்மன் படங்களும், நடுராத்திரியில் பேய்ப் படங்களும் வரிசை கட்டும். கூடவே எனக்குக் கடிதங்களும் வரும். வில்லுப்பாட்டும் தென்மாவட்டக் கோயில் கொடை விழாக் கதைகளும் சேகரிக்கிறவள் என்பதால் சினிமாவையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

எங்கள் குலதெய்வம் இசக்கியம்மன். பேய்ப் படம் பார்த்துவிட்டு என் ஒன்பது வயது மகள், "நம்ம சாமியும் பேய்தானாம்மா?" என்று கேட்கிறாள். கதையைக் கேட்டால் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. என்ன சொல்வது?
*வாசகி, வள்ளியூர்*

உள்ளதைச் சொல்லுங்கள் அம்மா. பேயாக வந்தவள்தான். ஊர் கூடிப் பீடம் போட்டுப் படையல் வைத்தது, சாமியானாள்.

நம்பி வந்தவளை நகைக்கு ஆசைப்பட்டுக் கள்ளிக்காட்டில் ஒருவன் கொன்றுபோடுகிறான். மறுபிறவியில் அவள் பேய்மகளாக வருகிறாள். கள்ளிக் கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன்" என்று ஊர்ச்சபையில் நின்று அழுகிறாள். 'நீலிக் கண்ணீர்' என்று நாம் சொல்வது அந்த அழுகையைத்தான். வடக்கே தொண்டை நாட்டில் இது பழையனூர் நீலி கதை. அவன் உயிருக்குத் தங்கள் உயிரையே பிணை சொல்லி அவளோடு அனுப்பிய 70 வேளாளர்கள், அவள் அவனைக் கொன்றதும் சொன்ன சொல் காக்கத் தீயில் இறங்கினார்கள் என்பார்கள். திருஞானசம்பந்தரே தன் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைத் தொட்டுப் பாடியிருக்கிறார் என்றால் கதை எவ்வளவு பழையது பாருங்கள்.

இசக்கி என்று திரிந்த இயக்கி என்ற பெயர் அதற்கும் பழசு. சிலப்பதிகாரத்தில் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி மதுரைக்கு வெளியே 'பூங்கண் இயக்கி'க்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கண்ணகியைச் சந்திக்கிறாள்.

ஒரு கொடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நள்ளிரவு தாண்டியிருந்தது. வில்லில் இசக்கியின் சாவைப் பாடி முடித்து, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு எடுத்தார்கள். உடுக்கு வேகம் பிடித்தது. அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, கொண்டை அவிழ எழுந்து ஆடினாள். சற்று முன்புதான் அந்தப் பாட்டில் இசக்கி பிள்ளைகளைக் கொன்றிருந்தாள். ஆனால் கூட்டத்தில் இருந்த இளம் தாய் ஒருத்தி முன்னால் வந்து, மூன்று மாதக் கைக்குழந்தையைத் தயங்காமல் அந்தக் கைகளில் கொடுத்தாள். சாமி குழந்தையின் நெற்றியில் மஞ்சணை பூசித் திருப்பிக் கொடுத்தது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். பிள்ளை வரம் கிடைத்தவர்கள் கட்டிய தொட்டில்களையும் வைத்த மரப்பொம்மைகளையும் உங்கள் மகளுக்குக் காட்டுங்கள்.

நம் படங்களில் பெண்ணைக் கொல்வது வரைக்கும், அவள் பழி வாங்குவது வரைக்கும் இதே கதைதான் வருகிறது. பிறகு ஒரு வேலோ சூலமோ வந்து அவளை எரித்துவிடுகிறது. கிராமத்துக் கதையில் அவளுக்குக் கிடைக்கிற பீடமும் பொங்கலும் படத்தில் கிடைப்பதில்லை. அநியாயமாகச் செத்தவளை இரண்டாம் முறையும் கொல்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'மதுரை வீரன்' கொலையுண்டவன் தெய்வமான கதைதான். 2011-ல் வந்த 'காஞ்சனா'வில் கோயிலுக்குள் ஓடி ஒளிந்தவனைத் தொடர முடியாமல் திருநங்கையின் ஆவி வாசலில் நின்று தெய்வத்திடம் நியாயம் கேட்கும், தெய்வமும் வழிவிடும். அந்தக் காட்சியை எழுதியவர்களுக்கு நம் மரபு ரத்தத்தில் இருக்கிறது.

பேய் என்றால் வெள்ளைப் புடவை, மல்லிகைப் பூ, கொலுசு. இது எங்கிருந்து வந்தது?
*வாசகர், ஈரோடு*

பெரும்பாலும் சினிமாவிலிருந்தே. 1964-ல் வந்த 'வோ கௌன் தி' என்ற இந்திப் படத்தை 1966-ல் 'யார் நீ' என்று தமிழில் எடுத்தார்கள். பனிமூட்டத்தில் வெள்ளைப் புடவையில் பாடிக்கொண்டு போகும் அழகிய பெண் இப்படிப்பட்ட படங்கள் வழியாகத்தான் நம் மனதில் குடியேறினாள்.

நம் இலக்கியத்துப் பேய்க்கு அழகு கிடையாது. திருமுருகாற்றுப்படையின் பேய்மகளுக்குக் காய்ந்த தலைமுடி, கோணல் பற்கள், பிளந்த வாய், சுழலும் பச்சைக் கண்கள், காதில் ஆந்தையும் பாம்பும். காரைக்கால் அம்மையார் பாடுகிற பெண்பேயோ முலை வற்றி, நரம்பு புடைத்து, வயிறு குழிந்தவள். சிவன் ஆடும்போது சுற்றி நின்று ஆடுகிற கூட்டம் அதுதான். அம்மையார் தன்னையே 'காரைக்கால் பேய்' என்று பாடிக்கொண்டார். பேயைக் கடவுளுக்குப் பகையாக அவர் நினைக்கவில்லை, பக்கத்தில் உட்காரும் தகுதியாக நினைத்தார். அவர் பாடியதும் திருவாலங்காட்டைத்தான். நீலியின் பழையனூர் அதற்குக் கூப்பிடு தூரம்.

மந்திரவாதி எந்தப் படத்தில் வந்தாலும் பின்னால் காளி சிலை, முன்னால் மண்டை ஓடு, எலுமிச்சம்பழம். காளி சூனியக்காரர்களின் தெய்வமா? என் மாமியார் வீட்டில் காளி படம் வைக்கவே பயப்படுகிறார்கள்.
*வாசகி, சென்னை*

இந்தப் பயத்தில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1951-ல் வந்த 'பாதாள பைரவி'யில் எஸ்.வி.ரங்காராவ் செய்த நேபாள மந்திரவாதிதான் இன்று வரை வார்ப்பு. வீரமுள்ள இளைஞன் ஒருவனைத் தேவிக்குப் பலி கொடுத்துக் கேட்டதெல்லாம் தரும் சிலையைப் பெறத் துடிப்பவன். பின்னால் வந்த மந்திரவாதிகள் பாதிப் பேர் அவர் தாடியையும் குரலையும் கடன் வாங்கியவர்கள்.

காளி கோயிலில் தலைப்பலி நம் மரபில் இருந்தது உண்மை. ஆனால் கலிங்கத்துப்பரணி காட்டும் வீரர்கள் அறுத்துக் கொடுப்பது தங்கள் தலையை. அரிகண்டம், நவகண்டம் என்று இதற்குப் பெயர். மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்துக்குள் எட்டிப் பாருங்கள். கொற்றவையின் காலடியில் ஒருவன் தன் தலையைத் தானே அரிய முனைந்து மண்டியிட்டிருப்பான். தன்னைக் கொடுக்கிற அந்தப் பயங்கரமான பக்தியை, அடுத்தவனைக் கொல்கிற ஆசையாகப் படங்கள் திருப்பிவிட்டன.

எலுமிச்சை அம்மனுக்கு மாலையாகவும் விழுகிறது, புது வண்டிச் சக்கரத்துக்கு அடியிலும் நசுங்குகிறது. அதில் சூனியம் எதுவும் இல்லை. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசுகிறார்களே, அதையும் வெளியூர்க்காரர்கள் செய்வினை என்று நினைக்கிறார்கள். பொருளைத் திருடு கொடுத்தவரும் ஏமாற்றப்பட்டவரும் அம்மனிடம் கொடுக்கிற புகார் மனு அது. தைரியமாகக் காளி படம் மாட்டச் சொல்லுங்கள்.

'அந்நியன்' படத்தில் வரும் தண்டனைகள் உண்மையிலேயே கருட புராணத்தில் இருக்கின்றனவா?
*கல்லூரி மாணவர், கோவை*

கும்பீபாகம், அந்தகூபம், கிருமிபோஜனம் எல்லாம் புராணங்கள் சொல்லும் நரகங்களின் பெயர்கள்தான். எந்தப் பாவத்துக்கு எந்த நரகம் என்பதைப் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம், 26-ஆம் அத்தியாயம் வரிசையாகச் சொல்கிறது. அங்கே மொத்தம் 28 நரகங்கள். கும்பீபாகம், உயிருள்ள விலங்கையும் பறவையையும் சமைப்பவனுக்கு. அந்தகூபம், பூச்சி போன்ற அறியாத உயிர்களை வதைப்பவனுக்கு. வதைபட்ட உயிர்களே இருட்டில் அவனைச் சூழ்ந்து வதைக்கும். கிருமிபோஜனம், பகிராமல் தான் மட்டும் உண்பவனுக்கு. குற்றத்தையும் தண்டனையையும் படம் தன் வசதிக்கு ஜோடி சேர்த்துக்கொண்டது.

கருட புராணம் தண்டனைப் பட்டியல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தினங்களைச் சோதிப்பதும் மருத்துவமும் அதில் உண்டு. துக்க வீட்டில் அதை வாசிக்கும் வழக்கம், போனவருக்கு வழி சொல்வதற்காக ஏற்பட்டது. அந்தக் கனிவு படத்தில் இல்லை.

'எக்ஸார்சிஸ்ட்' படத்தின் தொடக்கத்தில் வரும் சிலை சாத்தானா? அந்தப் படத்தில் வரும் பேயோட்டும் சடங்கு நிஜமா?
*வாசகர், நாகர்கோவில்*

1973-ல் வந்த அந்தப் படத்தின் சிலை பசுசு. பைபிள் சாத்தானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய மெசொப்பொத்தேமியாவின் காற்றுப் பேய்களுக்கு அரசன். சிறகு, தேள் வால், நாய் போன்ற முகம். அந்த ஊர்ப் பெண்கள் பேறுகாலத்தில் பசுசுவின் தலை உருவத்தைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள். கருவையும் பச்சைக் குழந்தையையும் கவ்விக்கொண்டு போகும் லமாஷ்டு என்ற பெண்பேயை விரட்ட அவனால்தான் முடியும் என்று நம்பினார்கள். நாம் புது வீட்டில் கோரமுகப் பொம்மை தொங்கவிடும் அதே யோசனை! பிள்ளையைக் காத்தவனைப் பிள்ளையைப் பிடிப்பவனாக ஹாலிவுட் மாற்றிவிட்டது. இசக்கிக்கு நடந்தது அங்கேயும் நடந்திருக்கிறது.

சடங்கு நிஜம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1614-ஆம் ஆண்டுச் சடங்கு நூலில் இருக்கிறது, 1999-ல் திருத்தி வெளியிட்டார்கள். ஆயரின் அனுமதி இல்லாமல் எந்தக் குருவானவரும் செய்யக் கூடாது. நோயா என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் சபையின் விதி. கதைக்குத் தூண்டுகோல் 1949-ல் அமெரிக்காவில் ஒரு சிறுவனுக்குச் செய்யப்பட்ட சடங்கு.

666 என்ற எண்ணைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. வண்டி எண்ணாகக் கிடைத்தால் மாற்றலாமா?
*வாசகர், திருச்சி*

வேண்டாம். வெளிப்படுத்தின விசேஷம் 13:18-ல் வரும் அந்த எண், நீரோ மன்னனின் பெயரை எபிரெய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் கிடைப்பது என்று பல அறிஞர்கள் கொள்கிறார்கள். சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. 1976-ல் வந்த 'ஓமன்' படம்தான் அதை ஒரு குழந்தையின் தலையில் மச்சமாக வைத்தது.

'காந்தாரா'வில் வருவதும் நம் ஊர்ச் சாமியாட்டமும் ஒன்றுதானா?
*வாசகி, பெங்களூரு*

உறவு உண்டு, ஒன்றல்ல. அது கர்நாடகக் கடலோரத் துளுநாட்டில் தெய்வமேறி ஆடும் சடங்கான பூத கோலா. பஞ்சுருளி பன்றி உருவ தெய்வம், குளிகன் உக்கிரமானவன். அங்கே தெய்வமேறி ஆடுபவர்கள் நலிகே, பம்பத, பரவ போன்ற சமூகங்களின் பரம்பரைக் கலைஞர்கள். முகத்தில் வண்ணம், இடுப்பில் குருத்தோலை, காலில் கனமான சிலம்பு. ஆண்டு முழுக்க ஒதுக்கி வைத்தவரின் முன்னால் அன்றிரவு நிலக்கிழார் கைகட்டி நின்று தீர்ப்புக் கேட்க வேண்டும். நம் பக்கத்துச் சாமியாடி பெரும்பாலும் அந்தக் கோயில் குடும்பத்துக்காரர். முகப்பூச்சு கிடையாது, திருநீறும் மஞ்சணையும்தான். நமக்கு வில்லுப்பாட்டு எப்படியோ, அவர்களுக்குப் பாட்தனா என்ற வாய்மொழிப் பாடல். வேடத்தைப் பார்த்தால் கேரளத் தெய்யம் அதற்கு நெருக்கம்.

ஒரு வேண்டுகோள். படத்தில் வரும் அந்த அலறலைக் கல்யாண வீடுகளிலும் கல்லூரி விழாக்களிலும் செய்து காட்டாதீர்கள். அது அவர்களுக்குச் சாமி.

என் தங்கைக்கு 22 வயது. சில மாதங்களாகத் திடீரென்று குரல் மாறிப் பேசுகிறாள், பிறகு நினைவில்லை என்கிறாள். வீட்டில் எல்லோரும் 'சந்திரமுகி' என்கிறார்கள். அம்மா ஒரு மந்திரவாதியைப் பார்த்து வைத்திருக்கிறார். என்ன செய்வது அக்கா?
*பெயர் வேண்டாம்*

தம்பி, முதலில் மருத்துவமனை. நான் மருத்துவர் அல்ல, ஆனாலும் இதில் தயக்கமே வேண்டாம். வலிப்பு உட்படப் பல காரணங்கள் இப்படிக் காட்டலாம். அதைச் சோதிக்காமல் பேய் என்றோ மனநோய் என்றோ யாரும் பெயர் வைக்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல உதவிக்கான 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

'சந்திரமுகி'யும் அதன் மூலமான 1993-ஆம் ஆண்டு மலையாளப் படமும், பேய் என்று ஊர் சொன்னதை நோய் என்று சொன்ன நல்ல காரியத்தைச் செய்தன. ஆனால் ஒரே இரவில், ஒரு பொம்மையை அழித்து, எல்லாம் சரியாவதாகக் காட்டியது பெரிய கெடுதல். நிஜத்தில் மாதக் கணக்கில் பொறுமையாகப் பேசித்தான் குணமாக வேண்டும். சாமியாடுகிறவர்கள் எல்லோரும் நோயாளிகள் என்றும் ஆகிவிடாது. தானாக விரும்பி, வழிபாட்டுக்குள், மரபு ஏற்கும் விதத்தில் வருவதை மருத்துவ நூல்களே நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் தங்கைக்கு அது விருப்பமில்லாமல் வருகிறது, அவளை வாட்டுகிறது.

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வைப்போம், ஆஸ்பத்திரிக்கும் போவோம் என்று சொல்லுங்கள். ஆனால் அடிப்பது, சூடு வைப்பது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது என்று யார் பேச்செடுத்தாலும் அந்த இடத்தை விட்டுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநலம் குன்றியவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. தங்கை எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.

உதவி இயக்குநராக இருக்கிறேன். ஒரு கிராம தெய்வத்தை வைத்துத் திகில் கதை எழுதுகிறேன். எங்கே தொடங்கலாம்?
*வாசகர், சென்னை*

கொடை நடக்கும் ஊருக்குப் போங்கள். கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, வில்லுப்பாட்டைக் காப்புப் பாட்டிலிருந்து கேளுங்கள். நல்ல புலவர் ஒருவர் அந்தத் தெய்வத்தின் பிறப்பிலிருந்து சாவு வரை இரவு முழுக்கப் பாடுவார். உங்களுக்குத் தேவையான திரைக்கதை அதில் இருக்கும், திருப்பங்கள் உட்பட. நள்ளிரவு ஆட்டம் பார்த்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடிவிடாதீர்கள். மறுநாள் படைப்புச் சோறு பிரித்துக் கொடுக்கும் வரை இருங்கள். பெயரை அப்படியே வைப்பதென்றால் கோயில் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். அந்தச் செத்த பெண் அவர்களுக்கு அத்தை முறையாகவோ பாட்டி முறையாகவோ இருப்பாள்.