ரெண்டு ஊருக்கும் ஒரே வானம், காசு திரும்பக் கெடைக்குமா?

கேள்வி: கோயம்புத்தூர்ல ஒரு போட்டோ கண்காட்சில தனுஷ்கோடி பழைய சர்ச் படம் 28,000 ரூபாய்க்கு வாங்கி வீட்டு ஹால்ல மாட்டினேன். பிரேமுக்குப் பின்னாடி "ஒரே ஷாட், எடிட் செய்யப்படாதது, 5/25" (25 பிரதில அஞ்சாவது)னு போட்டோகிராபர் கையெழுத்தோட சர்டிபிகேட் ஒட்டிருக்கு. போன வாரம் அவரோட ஊட்டி படம் ஒண்ண இன்ஸ்டாகிராம்ல பாத்தா அதுலயும் அதே வானம். கேட்டா "இது ஆர்ட் சார், என் இஷ்டம்"ங்கறார். கேஸ் போடலாமா?

பதில்: போடலாம் சார். நீங்க அனுப்பின ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன், யானை தும்பிக்கையாட்டம் வளைஞ்ச அந்த மேகம் தனுஷ்கோடில இடது பக்கம், ஊட்டில அதையே திருப்பிப் போட்டு வலது பக்கம். அதவிட, சூரியன் இடது பக்கம் எறங்குது, சர்ச் சுவத்துல வெயில் வலது பக்கத்துலேந்து அடிக்குது! வானத்த மாத்தறதுக்குனே போட்டோஷாப்ல 2020லேந்து ஒரு டூல் இருக்கு, நாலு கிளிக் வேலை.

ஆனா எடிட் பண்ணாருங்கறத கேஸா ஆக்காதீங்க, அதுல தோத்துருவீங்க. பேர்பெற்ற அமெரிக்க போட்டோகிராபர் ஆன்சல் ஆடம்ஸே 1941ல எடுத்த நிலா படத்துக்கு டார்க்ரூம்ல வானத்த கறுப்பாக்கித்தான் பிரிண்ட் போட்டார், அத ஒளிக்கவும் இல்ல. உங்க ஆளு சர்டிபிகேட்ல ஒண்ணுமே எழுதாம வித்திருந்தா நானே வேணாம்னு சொல்லிருப்பேன், ஏன்னா 1872 ஒப்பந்தச் சட்டம் 17வது பிரிவுப்படி சும்மா வாய மூடிட்டு இருந்தது பொதுவா மோசடி ஆகாது. இவர் எழுதி கையெழுத்தும் போட்டுட்டார், அந்த ஒரு வரிதான் உங்க கேஸு. பொய் சொல்லி வித்தா 19வது பிரிவுல ஒப்பந்தத்தையே ரத்து பண்ணலாம், 2019 நுகர்வோர் சட்டத்துல அது முறையற்ற வணிக நடைமுறை.

மொதல்ல ஒரு வக்கீல் நோட்டீஸ் விடுங்க, அதுல படத்த திருப்பித் தர ரெடினு கண்டிப்பா எழுதுங்க, படமும் வேணும் காசும் வேணும்னா எடுபடாது. எடிட் பண்ணாத ஒரிஜினல் ரா ஃபைல காட்டச் சொல்லியும் கேளுங்க. நெஜமாவே ஒரே ஷாட்னா அத காட்டறதுக்கு அவருக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது, காட்டலேன்னா நுகர்வோர் ஆணையத்துல அத தாக்கல் பண்ணச் சொல்லி மனு போடலாம். கேஸ உங்க ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். வீட்டுக்கு வாங்கினதால பிரச்சனை இல்ல, ஓட்டல் ரிசப்ஷனுக்கு வாங்கிருந்தா "வணிக நோக்கம்"னு ஒரு இழுவை வந்திருக்கும்.

போலீசுக்குப் போறத இப்ப விடுங்க, ஆரம்பத்துலேந்தே ஏமாத்தற எண்ணம் இருந்துச்சுனு நிரூபிக்கறது சாமானியமில்ல. பேஸ்புக்ல அவர் பேரப் போட்டு "ஃபிராடு"னு எழுதிடாதீங்க, அவதூறு கேஸ் உங்க மேல திரும்பும், இத நான் நெறய பாத்துட்டேன்.

இன்ஸ்டாகிராம் படத்த அவர் அழிக்கறதுக்கு முன்னாடி இன்னிக்கே தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அது கூட, அந்த ஸ்கிரீன்ஷாட் நெஜம்னு உறுதி சொல்ற 2023 சாட்சியச் சட்டம் 63வது பிரிவு சர்டிபிகேட்டும் வேணும், அத உங்க வக்கீல்கிட்ட கேட்டு தயார் பண்ணுங்க. பின்னாடி ஒட்டிருக்கற அந்தக் காகிதத்த மட்டும் உரிக்காதீங்க, பிரேமோட சேத்து அப்படியே போட்டோ எடுங்க.